ஆடி மாதத்து லீக்ஸ்

வாங்கோ தம்பி, உள்ளுக்கு வாங்கோ. வெளியில நிண்டு என்ன செய்யப் போறியள்? உந்தப் பூச்சியள் ஆளைத் தூக்கிக்கொண்டு போயிடும். காரை இழுக்கிற ட்ரக்காரன் இந்தா வாறன், இந்தா வாறன் எண்டுதான் சொல்லுவான். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறவன். இருங்கோ. கார் எங்கயும் ஓடிப் போகாது, ஓட ஏலாமல்தானே நிக்குது! கோவிக்காதேங்கோ, பகிடிக்குச் சொன்னனான்.

தமிழ் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சன் எண்டு பாக்கிறியளோ? பொனெற்றைத் திறந்து புகையைக் கண்ட உடனே "ஐயோ அம்மா" எண்டியள். காமராவில சத்தம் வராது, ஆனா வாய் அசையிறது தெரியும். இஞ்ச இருந்து இருந்து எனக்கு அது நல்லாப் பழகிப் போச்சு. அப்பா எந்த ஊர்? கோண்டாவிலோ! அட, கிட்டத்தானே. நான் ஏழாலை. பரராஜசிங்கம். இஞ்ச வெள்ளையளுக்கு அந்தப் பேர் வாய்க்குள்ள போகாது, "பெரி" எண்டுதான் கூப்பிடுவினம். பெரி எண்டா என்ன, நெல்லிக்காய் எண்டா என்ன, காசு தந்தாச் சரி.

தேத்தண்ணி குடியுங்கோ. பால்மா அந்த டப்பாவில கிடக்கு. மனிசி நிண்டிருந்தா உங்களுக்கு ரோல்ஸ் பொரிச்சுத் தந்திருப்பாள். அவள் இப்ப ரொறன்ரோவில தமக்கை வீட்டில நிக்கிறாள். வருவாள். போய் ஒரு வருசமாச்சு, ஆனா வருவாள். போகேக்க "போறன்" எண்டு அவள் சொல்லேல்லை, "போட்டு வாறன்" எண்டுதான் சொன்னவள். என்ர ரெண்டு காதாலயும் கேட்டனான். வராத ஆள் ஏன் தம்பி "வாறன்" எண்டு சொல்லப் போகுது?

சண்டை எண்டு நினைக்காதேங்கோ. சண்டை ஒண்டுமில்லை. எல்லாம் உந்த லீக்ஸால வந்த வினை.

லீக்ஸ் தெரியும்தானே? ஊரில நுவரெலியாவில இருந்து லொறியில வரும், அம்மாமார் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறைப்பினம். அந்தச் சாதிதான், ஆனா காட்டில தானா முளைக்கிறது. ஸ்நோ உருக உருக, மேப்பிள் மரங்களுக்குக் கீழ பச்சைப் பசேல் எண்டு அகல இலையோட வரும். கோதாரி, அது இஞ்ச முளைக்குதெண்டு எனக்குத் தெரிஞ்சிருந்தா இந்தக் கடையை நான் வாங்கியே இருக்கமாட்டன்.

முந்தி ரொறன்ரோவில பக்டரியில நிண்டனான். மேலுக்கு நிண்டவன் ஒருத்தன், என்னிலும் பத்து வயசு குறைஞ்சவன், எல்லாருக்கும் முன்னால கைதட்டிக் கூப்பிடுவான். ஒரு நாள் யோசிச்சன், போதும் எண்டு. இந்தப் பெற்றோல் செற், இஞ்ச கேஸ் ஸ்ரேசன் எண்டுவினம், விலைக்கு வந்தது. முன்னால கடை, பின்னால குசினியும் ரெண்டு அறையும். சுத்திவரக் காடு. இஞ்ச நான் முதலாளி, ஒருத்தனும் எனக்குக் கைதட்ட ஏலாது. எங்களுக்குப் பிள்ளையளும் இல்லை. கடைதான் பிள்ளை எண்டு கௌசலாவுக்குச் சொன்னனான். கௌசலாதேவி, என்ர மனிசி. அவள் ஒண்டும் சொல்லேல்லை. சம்மதம் எண்டுதானே அர்த்தம்?

அவளுக்கு ஒரு குறையும் வைக்கேல்லை தம்பி. கடையில எல்லாச் சாமானும் கிடக்கு, எடுத்துச் சாப்பிடலாம், ஆரும் கேக்கப் போறேல்லை. கார் ஓடப் பழகப்போறன் எண்டாள். இந்த ஸ்நோவில எங்கயாவது அடிபட்டுச் செத்துப் போவாய், எங்க போகோணுமெண்டாலும் நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னனான். கடையைப் பூட்ட ஏலாது, அதால போகக் கிடைக்கேல்லை, அது வேற. போன் ஒண்டு வேணும் எண்டாள். கவுண்டரில போன் கிடக்குத்தானே, வந்து கதையன் எண்டன். குசினிக்கும் பின் வாசலுக்கும் காமரா பூட்டினன். ஏன்? பாதுகாப்புக்கு! இந்தப் பக்கம் கரடி வரும். எத்தினை புருசன்மார் மனிசி குசினியில என்ன பாடுபடுறாள் எண்டு பாக்கினம்? நான் இந்தக் கதிரையில இருந்து நாள் முழுக்கப் பாத்தனான்.

அவள் போனதுக்கு முந்தின வருசம் சித்திரையில, வருசப்பிறப்புக் கழிஞ்ச கையோட, குப்பை கொட்டப் பின்னுக்குப் போனவள் திரும்பி வரேல்லை. காமராவில பாக்கிறன், குப்பை வாளி தனிய நிக்குது. பிறகு பாத்தா மரங்களுக்குள்ள இருந்து வாறாள், சப்பாத்தெல்லாம் சேறு, கை நிறையப் பச்சை இலை. கடைக்குள்ள ஓடி வந்து, "இஞ்சேருங்கோ, லீக்ஸ்!" எண்டாள். கல்யாணம் கட்டின காலத்தில இருந்து அவள் ஓடி நான் கண்டதில்லை.

எறி உதை எண்டனான். விஷமா இருக்கும், உதைப்போல விஷப் பூண்டும் இருக்கெண்டு ரீவியில காட்டினவங்கள் எண்டன். அவள் என்ன செய்தாள் தெரியுமே? என்ர மூஞ்சைக்கு முன்னால ஒரு இலையைக் கசக்கி, "மணந்து பாருங்கோ, வெங்காய மணம் வெங்காயத்துக்கு மட்டும்தான் வரும்" எண்டு சொல்லிப்போட்டு, வாயில போட்டுச் சப்பினாள். சப்பிச் சப்பி என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறாள். அவள் புன்னாலைக்கட்டுவன் வெங்காயத் தோட்டக்காரற்ற பிள்ளை, சின்னனில இருந்து செம்பாட்டு மண்ணில வெங்காயம் நட்டுக் கிண்டின கை. விஷம் எண்டாலும் விழுங்குவன் எண்ட மாதிரி நிண்டாள். எனக்கு என்னவோ போல இருந்தது.

அண்டைக்கு மத்தியானம் வறை வறைச்சாள். இலையை நுணுக்கமா அரிஞ்சு, செத்தல் மிளகாய், கடுகு தாளிச்சு, குளிர்ப்பெட்டியில உறைய வைச்ச தேங்காய்ப்பூவை உதிர்த்துப் போட்டு, இறக்கேக்க தேசிக்காய்ப் புளி. அடுத்த நாள் கிழங்கோட நெத்தலிக் கருவாடு போட்டுப் பிரட்டல். அதுக்கு அடுத்த நாள் பருப்புக்குள்ள போட்டாள். பிறகு றொட்டி மாவுக்குள்ள குழைச்சுச் சுட்டாள். ருசி எண்டா, தம்பி, வெங்காயமும் உள்ளியும் ஒண்டாச் சேர்ந்து பிறந்த மாதிரி ஒரு ருசி. நான் சொல்லேல்லை. சொன்னாத் தலையில ஏறிடுவாள். "உப்புக் கொஞ்சம் கூட" எண்டு சொல்லிப்போட்டு ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டனான்.

பிறகென்ன, ஒவ்வொரு நாளும் காடுதான். பிளாஸ்ரிக் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிடுவாள். காமரா மரங்களின்ர தொடக்கம் மட்டும்தான் காட்டும், அதுக்கங்கால தெரியாது. நானும் இன்னொரு காமரா வாங்கி மரத்தில கட்டுவமோ எண்டு யோசிச்சனான். கரடிக்குத்தான்.

உந்த ஷெரில் எண்ட பொம்பிளை அங்கதான் இவளுக்குப் பழக்கமானவள். பள்ளிக்கூட பஸ் ஓடுறவள், ஆம்பிளை மாதிரித் தொப்பி, சிரிச்சா ஊரே கேக்கும். அவளும் லீக்ஸ் புடுங்கக் காட்டுக்கு வாறவளாம். இவளுக்கு இங்கிலீஷ் அரைகுறை, அவளுக்குத் தமிழ் மருந்துக்கும் இல்லை. என்ன கதைச்சினமோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனா ரெண்டும் காட்டுக்குள்ள இருந்து சிரிக்கிற சத்தம் பம்ப் வரைக்கும் கேக்கும். "பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு" எண்டு எங்கட ஆக்கள் சும்மாவே சொன்னவை? ஒரு நாள் சொல்லியும் பாத்தன். "நான் புகையிலை இல்லையே" எண்டாள். அப்பிடிப் பதில் சொல்லுற ஆளில்லைத் தம்பி அவள்.

ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. விடியப் போய் மத்தியானம் வருவாள், கையில ஒரு பிடிதான் இருக்கும். "இவ்வளவு நேரம் நிண்டு இவ்வளவுதானோ?" எண்டு கேட்டா, "ஒரு செடியில ஒரு இலைதான் கிள்ளோணும், கிழங்கோட புடுங்கினா அடுத்த வருசம் வராது" எண்டுவாள். சரி, தோட்டக்காரி சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு விட்டிட்டன். சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஆனி போச்சு. ஆடி மாதமும் லீக்ஸ். ஆவணியிலயும் லீக்ஸ்! நானும் வறையைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன். பிறகு ஒரு நாள் மீன்பிடிக்க வந்த கிழவன் ஒருத்தன் மணத்தைப் பிடிச்சுப்போட்டுச் சிரிக்கிறான். காட்டு லீக்ஸ் ஆனியோட இலை பட்டுப் போயிடுமாம், ஆடியில தேடினாலும் கிடைக்காதாம். அவளிட்டக் கேட்டன். "ஷெரிலின்ர குளிர்ப்பெட்டியில உறைய வைச்சது" எண்டாள். சரிதானே, பழுதாப் போகாமல் வைச்சுச் சாப்பிடுறது நல்ல பழக்கம்தானே எண்டு நான் மேல கேக்கேல்லை.

அப்ப அவள் காட்டில என்ன செய்தவள் எண்டு கேக்கிறியளோ? பொறுங்கோ, வாறன்.

பனிக்காலம் வந்தது. காடு மூடுபட்டுப் போச்சு. ஷெரில் தையல் வகுப்புக்கு எண்டு கிழமையில ஒரு நாள் வந்து ஏத்திக்கொண்டு போவாள். தையல்தானே எண்டு விட்டனான். மற்ற நாளெல்லாம் கௌசலா குசினி யன்னலடியில கதிரையைப் போட்டுக் குந்திக்கொண்டு மரங்களைப் பாத்துக்கொண்டே இருப்பாள். நான் இஞ்ச இருந்து அவளைப் பாத்துக்கொண்டிருப்பன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காணாத நேரமே இல்லை, அப்பிடி ஒரு குடும்பம்.

போன வருசம் திரும்ப ஸ்நோ உருகினது. திரும்பவும் லீக்ஸ். இந்த முறை வந்த வினை வேற. உந்த லீக்ஸைத் திண்டா மணம் வாயில மட்டும் நிக்காது, வேர்வையில வரும், சட்டையில வரும், காசுத்தாளிலயும் வரும். கஸ்டமர் ஒவ்வொருத்தரும் மூக்கைச் சுளிக்கினம். ஒரு பொம்பிளை "வட் இஸ் தட் ஸ்மெல், பெரி?" எண்டு முகத்துக்கு நேர கேட்டிட்டாள். எனக்கு மானம் போச்சு. கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை எண்டு மனசுக்குள்ள நினைச்சன்தான், ஆனா வியாபாரத்தில கழுதைதானே தம்பி ராசா. உள்ள போய்ச் சொல்லிப் போட்டன்: இனி இந்தக் கூரைக்குக் கீழ லீக்ஸ் வரக்கூடாது, சமைக்கக்கூடாது, முடிஞ்சுது.

அவள் சட்டியில துழாவிக்கொண்டு நிண்டவள். கரண்டியை மெல்ல வைச்சாள். அடுப்பை அணைச்சாள். "சரி" எண்டாள்.

அதோட அடுப்பே மூட்டேல்லை! லீக்ஸ் மட்டுமில்லை, சோறும் இல்லை, கறியும் இல்லை. கேட்டா, "எதைச் சமைச்சாலும் மணக்கும்தானே" எண்டாள். நான் கடையில கிடந்த பாணும் சூப் டின்னும்தான். அவள் என்ன திண்டாளோ தெரியாது. பத்தியக்காரர் மாதிரி ரெண்டு பேரும் இருந்தம். நான் இறங்கிப் போகேல்லை. ஒருக்கா இறங்கினா வாழ்நாள் முழுக்க இறங்கோணும்.

ஒரு நாள் நல்ல வெயில். கூரையில கிடந்த ஐஸ் பாளம் பாளமா விழுந்து கொண்டிருக்கு. நான் கவுண்டரில நிக்கிறன், மூக்கில அடிக்குது மணம். வெங்காயம் அழுகின மாதிரி, உள்ளி கருகின மாதிரி. ஆஹா, துவங்கிட்டாள் எண்டு எனக்கு உச்சியில ஏறிச்சுது. "லீக்ஸோ திரும்பவும்?" எண்டு கத்தினன். அவள் குசினியில இருந்து வந்து, "நான் ஒண்டும் சமைக்கேல்லை. இது லீக்ஸ் மணம் இல்லை, கேஸ் மணக்குது. வெளியில வாங்கோ" எண்டாள்.

நான் நம்புவனோ? சட்டியைத் திறந்து பாத்தன், காலி. அடுப்பைத் தொட்டுப் பாத்தன், குளிர். ஒளிச்சுப் போட்டாள் எண்டு நினைச்சன். அலுமாரி திறந்து பாத்தன், பெட்டிக்குள்ள பாத்தன், கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பாத்தன். தேடத் தேட மணம் கூடுது, மணம் கூடக் கூட எனக்குக் கோவமும் கூடுது. "எங்க வைச்சிருக்கிறாய், சொல்லு, எங்க?" எண்டு நிக்கிறன். அவள் என்ர கையைப் பிடிச்சாள், தம்பி. எத்தினை வருசத்துக்குப் பிறகு பிடிச்சவள் எண்டு எனக்கே ஞாபகமில்லை. பிடிச்சு வாசல் பக்கம் இழுக்கிறாள், "வாங்கோ, வாங்கோ" எண்டு கெஞ்சுறாள். "கஸ்டமர் வந்தா ஆர் நிக்கிறது?" எண்டு கையை உதறிப் போட்டன்.

தனியப் போனாள். காமராவில பாக்கிறன், பெருந்தெருவைக் கடந்து அங்கால நிண்டு ரெண்டு கையையும் ஆட்டி என்னைக் கூப்பிடுறாள். நாடகம் ஆடுறாள் எண்டு நான் அசையேல்லை. பள்ளிக்கூட பஸ் ஒண்டு வந்தது, ஷெரிலின்ரதான், பிள்ளையளை இறக்கிப்போட்டு வெறும் பஸ்ஸா வாறாள். இவள் தெருவுக்கு நடுவில போய் நிண்டு மறிச்சாள்.

பிறகு நெருப்பணைக்கிற ஆக்கள் வந்தாங்கள், சிவப்பு லொறி, மணிச்சத்தம், கூத்து. ஒருத்தன் முகமூடியோட உள்ள ஓடி வந்து "லீக்? லீக்?" எண்டு கேக்கிறான். எனக்கு வெக்கமாப் போச்சு. வீட்டுச் சண்டையை இவள் பயர் பிரிகேட் வரைக்கும் கொண்டு போயிட்டாளே! நான் சொன்னன்: "நோ லீக்ஸ், சேர். ஐ ஸ்டொப் த லீக்ஸ். லாஸ்ற் வீக் ஐ ஸ்டொப்." அவன் திகைச்சுப் போய், "யூ நியூ? லாஸ்ற் வீக்?" எண்டான். "யெஸ், யெஸ், மை வைஃப் லீக்ஸ். எவ்ரி டே. வெரி பாட் ஸ்மெல்." சிரிக்காதேங்கோ தம்பி. உங்களுக்குச் சிரிப்பு. அவன் என்னைக் கவுண்டருக்கு மேலால தூக்கித் தோளில போட்டுக்கொண்டு ஓடினான், அரிசி மூட்டை மாதிரி.

பின்னுக்கு இருக்கிற பெரிய சமையல் கேஸ் தாங்கியில இருந்து வாற குழாயில ஐஸ் விழுந்து உடைஞ்சு போச்சாம். குசினித் தரைக்குக் கீழ முழுக்கக் கேஸாம். ஒரு பொறி விழுந்திருந்தா நானும் இல்லை, கடையும் இல்லை, மேப்பிள் மரமும் இல்லை. எல்லாரும் கௌசலாவின்ர தோளில தட்டித் தட்டி, உன்ர மனிசிதான் உன்னைக் காப்பாத்தினது எண்டு எனக்குச் சொல்லினம். ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. லீக்ஸ் சமைக்கக்கூடாது எண்டு சொன்னது ஆர்? நான். அதாலதானே அடுப்பு மூட்டேல்லை? மூட்டியிருந்தா எல்லாரும் சாம்பல். அப்ப ஆர் ஆரைக் காப்பாத்தினது? இதை ஒருத்தரும் யோசிக்கினமில்லை.

கடையை ஒரு கிழமைக்குப் பூட்டி மஞ்சள் நாடா கட்டிப் போட்டாங்கள். ரெண்டு பேரும் ஷெரில் வீட்டில படுத்தம். நான் விடிய எழும்பி வந்து நாடாவுக்கு வெளியில கதிரை போட்டு இருப்பன். பூட்டின கடையைத்தான் வடிவாப் பாக்கோணும், தெரியுமே. மூண்டாம் நாளோ நாலாம் நாளோ, உடுப்பு எடுக்க விட்டாங்கள். கௌசலாவும் ஷெரிலும் உள்ள போச்சினம். கௌசலா சின்னப் பையோட வந்தாள். நேரப் போய் எங்கட காரில ஏறினாள். ஓட்டுற பக்கம்!

விளையாடுறாள் எண்டு நினைச்சன். ஸ்ரார்ட் பண்ணினாள். ரிவேர்ஸ் எடுத்தாள் தம்பி, ரிவேர்ஸ்! அந்த ஐஸ் குவியலுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவால, ஒண்டிலயும் முட்டாமல். நான் எண்டா அதில இடிச்சிருப்பன். காட்டுக்குள்ள மரம் ஏத்துற பழைய றோட்டு ஒண்டு இருக்காம். அதில ஷெரிலின்ர பிக்கப்பில பழகினவளாம், வசந்தம் முழுக்க, கோடை முழுக்க. லைசென்ஸும் எடுத்துப் போட்டாளாம், தையல் வகுப்பு எண்டு போன நாள் ஒண்டிலதான் எடுத்திருக்கோணும். நான் அந்த நேரமெல்லாம் ஆடி மாதத்து லீக்ஸைத் தட்டில போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறன். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கோ! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பழக்கியிருப்பன்தானே?

காரை என்ர கதிரைக்குப் பக்கத்தில கொண்டுவந்து நிப்பாட்டினாள். கண்ணாடியை இறக்கினாள். "ஏறுங்கோ. ரெண்டு பேரும் அக்கா வீட்டை போவம். கடை பூட்டித்தானே கிடக்கு" எண்டாள். கோவமா இல்லை. ஏசவும் இல்லை. அழவும் இல்லை. முன் சீற்றில கிடந்த பையை எடுத்துப் பின்னுக்கு வைச்சு, எனக்கு இடம் விட்டாள்.

"பைப் பூட்ட ஆக்கள் வருவினம், ஆர் பாக்கிறது?" எண்டு கேட்டன். ஞாயமான கேள்விதானே? அவள் ஸ்ரியரிங்கில கையை வைச்சாள். ஒரு மரலொறி போச்சு, அதுக்குப் பின்னால இன்னொண்டு போச்சு. "அப்ப நான் போட்டு வாறன்" எண்டாள். அந்தச் சொல்லு.

பைப் பூட்டுறவங்கள் அண்டைக்கு வரேல்லை. அடுத்த நாளும் வரேல்லை.

இப்ப அவள் அங்க ஒரு முதியோர் இல்லத்தில சமைக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமையில போன் எடுப்பாள். சாப்பிட்டியளோ எண்டு கேப்பாள், குளிசை போட்டியளோ எண்டு கேப்பாள். நான் கடையைப் பற்றிச் சொல்லுவன். எப்ப வாறாய் எண்டு நான் கேக்கிறேல்லை. வாற ஆளைக் கேட்டு ஆக்கினைப்படுத்தக்கூடாது. நான் போய்ப் பாக்கலாம் எண்டுறியளோ? எப்பிடித் தம்பி? கார் அவளிட்ட. பஸ் விடியக் காலமை ஒண்டுதான், அந்த நேரம்தான் பாண்காரன் வாறவன். ஒரு நாள் பூட்டினா ரெண்டு நாள் பூட்டச் சொல்லும். நாய்க்கு வேலையில்லை, நிக்க நேரமில்லை எண்டு சொல்லுவினமே, அந்தச் சீவியம்.

ராத்திரி எல்லாம் பூட்டினாப் பிறகு குசினிக் காமராவைப் பாப்பன். ஒண்டும் அசையாது. ஆனாலும் நிப்பாட்ட மனம் வரேல்லை. எனக்குச் சரியாக் கஷ்டமா இருக்குத் தம்பி. அதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, உங்களுக்குத்தான் சொல்லுறன், நீங்களும் போயிடுவியள்தானே.

அந்தா, ட்ரக் வருது. வளைவில லைற் தெரியுது. இருங்கோ, அவன் திருப்பி நிப்பாட்டி உங்கட காரைக் கொழுவ நேரம் எடுக்கும். இதை மட்டும் சொல்லி முடிச்சிடுறன்.

போன சனிக்கிழமை வந்தவள்.

லீக்ஸ் காலம்தானே இப்ப. விடியவே வந்து ஷெரிலோட காட்டுக்குள்ள நிண்டிருக்கிறாள் போல, எனக்குத் தெரியாது, காமரா எட்டாது. மத்தியானம் பாக்கிறன், எங்கட கார் வந்து பம்பில நிக்குது. சுத்திவர வேற ஸ்ரேசன் இல்லை, பெற்றோல் அடிக்காமல் ரொறன்ரோ போய்ச் சேர ஏலாது. இறங்கினாள். தலைமயிரைக் கட்டையா வெட்டியிருக்கிறாள். முழங்கால் எல்லாம் மண். கண்ணாடிக்குள்ளால என்னைப் பாத்துக் கையைக் காட்டினாள். நானும் கையைக் காட்டினன். வெளியில ஓடிப் போயிருக்கலாம்தான், ஆனா கவுண்டரில ஒருத்தன் ஒரு கட்டு லொத்தர் ரிக்கெற்றைத் தந்து, விழுந்திருக்கோ எண்டு ஒவ்வொண்டாப் பாக்கச் சொல்லிக்கொண்டு நிண்டவன்.

இந்தப் பம்புகள் பழசு. ஆள் குழாயை எடுத்து வைச்சாலும் உள்ள இருந்து நான் இந்தப் பட்டனை அமத்தினால்தான் பெற்றோல் வரும். இந்தா, இதுதான். அவள் குழாயை எடுத்துக் காரில வைச்சிட்டாள். இஞ்ச பட்டன் மினுங்குது. நான் விரலைக் கொண்டு போய் அதில வைச்சன். அமத்தேல்லை.

அமத்தினாப் பெற்றோல் நிரம்பும், நிரம்பினாப் போயிடுவாள். அமத்தாட்டி நிப்பாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. அவளும் குழாயைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், நானும் விரலை வைச்சுக்கொண்டு நிக்கிறன். லொத்தர்க்காரன் என்னவோ கேக்கிறான், எனக்குக் காதில விழேல்லை. பம்பில கூப்பிடுறதுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கு. அதை அமத்தினாள். அவளின்ர குரல் கடை முழுக்கக் கேட்டுது, தம்பி. ஒரு வருசத்துக்குப் பிறகு இந்தக் கடைக்குள்ள அவளின்ர குரல்.

"இஞ்சேருங்கோ" எண்டாள். பிறகு, "திறந்து விடுங்கோ" எண்டாள்.

விட்டிருக்கமாட்டன். சத்தியமா, இருளும் மட்டும் அப்பிடியே நிண்டிருப்பன். ஆனா அவளுக்குப் பின்னால ஒருத்தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிப்பாட்டி ஹோர்ன் அடிக்கத் துவங்கிட்டான். கஸ்டமரைக் காக்க வைக்கக்கூடாதுதானே? அமத்தி விட்டனான்.